சோனார் கெல்லா: வில்லன் யாரென்று பாதியிலேயே காட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்?

தாழம்பூ

வீட்டில் ஒரு பஞ்சாயத்து. தீர்ப்புச் சொல்ல வெளியாள் தேவைப்படுகிறது, அதனால் இந்த இழை.

விடுமுறையில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் (பெரியவளுக்கு 12, சின்னவனுக்கு 9) ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சத்யஜித் ரேயின் 'சோனார் கெல்லா' (தங்கக் கோட்டை) நாவலை வாசித்துக் காட்டினேன். ஃபெலுடா என்ற துப்பறிவாளரின் கதைகளை வீ.பா. கணேசன் தமிழில் கொண்டுவந்தாரே, அந்த வரிசையில் உள்ளது. ஒன்பது ராத்திரி ஓடியது. ஆறாம் நாள் சின்னவன் ஒரு துண்டுச் சீட்டில் குற்றவாளி பெயரை எழுதி, நாலாக மடித்து, அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டான். முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு. பிரித்தால் 'ஜடாயு' (ஃபெலுடாவோடு வழியில் சேர்ந்துகொள்ளும் வேடிக்கையான எழுத்தாளர்) என்று இருந்தது. ஏன்டா என்றால், "ரொம்பச் சிரிக்க வைக்கிறவங்கதான் கடைசில மாட்டுவாங்க" என்கிறான். பாவம் ஜடாயு.

கதை தெரியாதவர்களுக்கு: கல்கத்தாவில் முகுல் என்ற சின்னப் பையன் ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து படம் வரைகிறான். கோட்டை, மயில், ஒட்டகம், சண்டை. போன பிறவியில் தங்கக் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்ததாகச் சொல்கிறான். டாக்டர் ஹேமாங்க ஹாஜ்ரா என்ற ஆராய்ச்சியாளர் அந்தக் கோட்டையைத் தேடி அவனை ராஜஸ்தானுக்கு அழைத்துப் போகிறார். புதையல் ஆசையில் இரண்டு பேர் பின்னாலேயே கிளம்புகிறார்கள். பையனின் அப்பா ஃபெலுடாவிடம் ஓடி வருகிறார்.

புத்தகத்தில் அந்த இரண்டு பேர் யார் என்பது கடைசியில்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை படத்தைப் போட்டோம். பாதி தாண்டுவதற்குள் எல்லாம் வெட்டவெளிச்சம். சின்னவன் எழுந்து நின்று, "அம்மா, போட்டு உடைச்சிட்டாங்க! யாரு இதை எடுத்தது?" என்றான். கதை எழுதியவரேதான் எடுத்தார் என்றால் நம்ப மறுக்கிறான். பெரியவளோ படம்தான் நன்றாக இருக்கிறது என்கிறாள். யார் பக்கம் நியாயம்?

கரிசல்காரன்

சின்னவர் பக்கம். இதிலென்ன சந்தேகம்? துப்பறியும் கதையில் 'யார்' என்பதை எடுத்துவிட்டால் ரசத்தில் புளியை எடுத்த மாதிரி.

நாவலில் ரே எவ்வளவு சாமர்த்தியமாகப் பின்னியிருக்கிறார் என்று பாருங்கள். ஜோத்பூர் சர்க்யூட் ஹவுஸில் முகுலோடு ஒரு 'டாக்டர் ஹாஜ்ரா' இருக்கிறார். ஃபெலுடா அவரோடு பேசுகிறார். நாமும் அவரை நம்பிவிடுகிறோம். நிஜ ஹாஜ்ராவை மலையிலிருந்து தள்ளிவிட்டு அவர் பெயரில் உலவுகிற ஆள் அவன் என்பது கடைசியில் இடி மாதிரி இறங்குகிறது. படத்தில் நாகர்கர் கோட்டையில் தள்ளிவிடுவதையே நேராகக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஃபெலுடா மூளையைக் கசக்குவதைப் பார்த்தால், விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை ஹாலை வேடிக்கை பார்ப்பதுபோல் இருக்கிறது.

நிர்வாகி

தலைப்பிலேயே கதை உடைகிறது. இருந்தாலும் 1974இல் வந்த படம் என்பதால் விடுகிறேன். ஃபெலுடாவின் மற்ற கதைகளின் முடிவை இங்கே எழுத வேண்டாம்.

பழைய ரீல்

கரிசல், அந்த விடைத்தாள் உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை.

முதலில் ஒரு விஷயம். நாவல் 1971இல் 'தேஷ்' பத்திரிகையின் பூஜை மலரில் வந்துவிட்டது. படம் 1974 டிசம்பரில் வருகிறது. வங்காளத்தில் அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கதை மனப்பாடம். தியேட்டரில் முன் வரிசையில் ஒரு பயல் எழுந்து "அவன்தான், அவன்தான்" என்று கத்தினால் மர்மம் அங்கேயே செத்தது. ஊருக்கே தெரிந்த ரகசியத்தை மூடி வைத்து என்ன லாபம்?

இன்னொன்று, அவர் ஏற்கெனவே ஒருமுறை சுட்டுக்கொண்டவர். 1967இல் 'சிரியாகானா' எடுத்தார். துப்பறிவாளர் வ்யோம்கேஷ் பக்‌ஷியாக உத்தம் குமார். கடைசியில் துப்பறிவாளர் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கம் சொல்லும் வகைக் கதை. அந்தப் படம் அவருக்கே திருப்தி தரவில்லை. புத்தகத்தில் பத்துப் பக்க விளக்கத்தை ஆசையாகப் படிக்கலாம், வேண்டுமானால் முன்னால் புரட்டிச் சரிபார்க்கலாம். திரையில் ஒரு ஆள் பத்து நிமிஷம் பேசினால் ஜனம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். ஏழு வருஷம் கழித்துத் தன் சொந்தக் கதையை எடுக்கும்போது அந்த வம்பே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

ஒட்டகச்சிவிங்கி

ஒரு சின்னச் சந்தேகம். ஒட்டகம் முள்ளைப் பொறுக்கிவிட்டுத் தின்னுமா, முள்ளோடு தின்னுமா?

வங்கத்து மருமகள்

ஒட்டகச்சிவிங்கி 😄 இந்தக் கேள்வியைக் கல்கத்தாவில் எந்த டீக்கடையில் கேட்டாலும் நாலு பேர் திரும்பிச் சிரிப்பார்கள். ஜடாயு படத்தில் கேட்கும் கேள்வி, இன்றைக்கும் மீம்களில் ஓடுகிறது. இன்னொன்று 'வானிஷ்'. நிஜ டாக்டரைத் தள்ளிவிட்டு வந்து, கெட்ட ஆள் மறைந்துவிட்டான் என்று குழந்தையிடம் மந்திரவாதி மாதிரிச் சொல்லும் இடம். என் மாமியார் வீட்டில் சர்க்கரை டப்பா காலியானால் 'வானிஷ்' என்றுதான் சொல்வார்கள்.

அந்த வசனம் புத்தகத்தின் அமைப்பில் வரவே முடியாது, கவனித்தீர்களா? நாவலைச் சொல்வது தோப்ஷே, ஃபெலுடாவின் தம்பி முறைப் பையன். அவன் இல்லாத இடத்துக்குக் கதை போகாது. முகுல் அந்த இரண்டு அயோக்கியர்களோடு இருக்கும் நேரமெல்லாம் நமக்குக் கிடையாது. படத்தில் தோப்ஷேயின் குரலை எடுத்துவிட்டதும் கேமரா பையனோடு போக முடிகிறது. புத்தகத்தில் முகுல் ஒரு கேஸ். படத்தில் அவன் ஒரு குழந்தை.

தாழம்பூ

மருமகள், இதை எங்கள் பெரியவள் வேறு மாதிரிச் சொன்னாள். "புக்ல நான் ஃபெலுடா பின்னாடி ஓடினேன். படத்துல முகுலைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும்போல இருந்துது."

கரிசல்காரன்

சரி, தோப்ஷே விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல காரணம். ஆனால் 'ஊருக்கே தெரிந்த கதை' என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊருக்குத் தெரிந்த கதையைத்தானே கூத்தில் விடிய விடிய ஆடுகிறார்கள்? கர்ணன் சாகப் போகிறான் என்று தெரியாமலா உட்கார்ந்திருக்கிறோம்?

பழைய ரீல்

அதைத்தானே ஐயா நானும் சொல்கிறேன்! கூத்தில் யாரும் ஒளித்து வைப்பதில்லை. தெரிந்த பிறகும் எப்படி ஆடுகிறான் என்று பார்க்கத்தான் உட்காருகிறோம். நீங்களே உங்கள் வழக்கைக் கவிழ்த்துவிட்டீர்கள்.

கரிசல்காரன்

😐 டீ குடித்துவிட்டு வருகிறேன்.

மீட்டர்கேஜ்

நான் படத்தைப் பார்த்ததே ரயிலுக்காக. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் பிற மாநிலப் படங்கள் போடுவார்களே, அதில்தான். பாஷை சுத்தமாகப் புரியவில்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படிக்கவும் அப்போது தெரியாது. கறுப்பு வெள்ளை டிவி வேறு, தங்கக் கோட்டை எனக்குச் சாம்பல் கோட்டை. ஆனால் நீராவி எஞ்சினும் ஒட்டகமும் ஒரே சட்டகத்தில் ஓடிய அந்தக் காட்சி மனசில் ஒட்டிக்கொண்டது.

ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சல்மேர் போகும் தடம். அன்றைக்கு மீட்டர் கேஜ். எங்கள் ஊர்ப் பக்கம் ஓடிய அதே அகலம், அதனால் சொந்தக்கார வண்டியைப் பார்த்த மாதிரி. படத்தில் என்ன நடக்கிறது என்றால், வில்லன் கூட்டம் சாலையில் கண்ணாடிச் சில்லுகளைப் போட்டுக் காரின் டயரைப் பஞ்சர் ஆக்கிவிடுகிறது. நடுப் பாலைவனம். ஃபெலுடா, தோப்ஷே, ஜடாயு மூன்று பேரும் ஒட்டகங்களை வாடகைக்குப் பிடித்து ரயிலை மறிக்கப் போகிறார்கள். ரயில் வருகிறது, கைக்குட்டையை ஆட்டுகிறார்கள், டிரைவர் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருக்கிறார். ஹீரோ தோற்கிற துரத்தல் காட்சி! வேறு எவன் எடுத்தாலும் வண்டியில் தாவி ஏற வைத்திருப்பான். இங்கே மூன்று பேரும் புழுதியில் நின்று கடைசிப் பெட்டி போவதைப் பார்க்கிறார்கள். அப்புறம் ராம்தேவ்ரா ஸ்டேஷனில் போய் ராத்திரி வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள். ரயிலுக்காக ராத்திரி சின்ன ஸ்டேஷனில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும் அந்த நேரத்தின் நீளம்.

அந்த ஒட்டக-ரயில் காட்சியை எடுத்த பாட்டை ரே பிள்ளைகளுக்காகத் தனியாகவே எழுதியிருக்கிறார். கிராஃபிக்ஸ் கிடையாது. நிஜ ரயில், நிஜ ஒட்டகம், நிஜப் புகை.

ஒரு கொசுறு. 1974 மே மாதம்தான் இதே பொக்ரான் பக்கம் இந்தியா முதல் அணுகுண்டுச் சோதனை செய்தது. படம் அதே வருஷம் டிசம்பரில்.

ஒட்டகச்சிவிங்கி

இப்போது சீரியஸாகவே எழுதுகிறேன். ஜடாயு ஒட்டகத்தில் ஏறும் இடம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் நிமிர்த்தும். ஏறியவன் முன்னால் கவிழப் போவான். அடுத்து முன்னங்கால் நிமிரும், பின்னால் சாய்வான். ஃபெலுடா இதையெல்லாம் முன்கூட்டியே வகுப்பெடுக்கிறார். ஜடாயுவும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். ஏறியதும் அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டும். பாடம் முழுக்க நினைவிருக்கிறது, உடம்புதான் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ஜடாயு என்கிற லால்மோகன் கங்கூலி சாகசக் கதை எழுத்தாளர்! சகாராவில் ஒட்டகத்தின் மேல் தன் கதாநாயகனைப் பறக்க விட்டவர். ஒட்டகம் வயிற்றில் தண்ணீரைச் சேமிக்கும் என்று எழுதிவிட்டு ஃபெலுடாவிடம் குட்டு வாங்குவார். திமிலில் இருப்பது கொழுப்பு. நம்மூர் பாக்கெட் நாவல் யுகத்தில் சுவிட்சர்லாந்து பனியில் துரத்தல் எழுதிய அண்ணன்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் பாஸ்போர்ட் இருந்திருக்கும்?

வங்கத்து மருமகள்

ஜடாயுவாக நடித்த சந்தோஷ் தத்தா தொழிலில் வக்கீல். நீதிமன்றம் போய்க்கொண்டேதான் நடித்தார். இந்தக் கதையில்தான் ஜடாயு முதன்முதலில் வருகிறார். நாவல் வந்தபோது ரே தன் கையால் வரைந்த ஜடாயுவின் முகம் வேறு. படத்துக்குப் பிறகு வந்த கதைகளில் படங்கள் மெல்ல சந்தோஷ் தத்தா ஜாடைக்கு மாறிவிட்டன. நாவலிலிருந்து படம் வந்தது ஒரு பக்கம் என்றால், படம் திரும்ப நாவலுக்குள் புகுந்துவிட்டது. 1988இல் அவர் இறந்த பிறகு ரே ஃபெலுடா படம் எடுக்கவில்லை. அவர் எடுத்தவை மொத்தம் இரண்டுதான், இதுவும் 1979இல் வந்த 'ஜோய் பாபா ஃபெலுநாத்'தும். மற்றவையெல்லாம் மகன் சந்தீப் ரே எடுத்தவை.

தாழம்பூ

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தின் இரண்டாம் பாகம். பெரியவள் கேட்டாள், "இந்தக் கதைல பொண்ணுங்களே இல்லையா?" யோசித்துப் பார்த்தால் முகுலின் அம்மாவைத் தவிர எனக்கு முகம் ஞாபகம் வரவில்லை. இன்னொன்று, ஃபெலுடா ஊதித் தள்ளும் சார்மினார் சிகரெட். பிள்ளைகள் கதையில் ஏன் இவ்வளவு புகை? ரயிலைச் சொல்லவில்லை.

பழைய ரீல்

புகைக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். காலம் அப்படி. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வங்கத்து மருமகள்

பெண்கள் விஷயம் வங்காளத்திலேயே அடிக்கடி கிளம்பும் சண்டை. ஃபெலுடா பிறந்தது 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகையில், 1965இல். ரேயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913இல் தொடங்கியது. நின்றுபோனதை 1961இல் ரே மறுபடி தொடங்கினார். படிப்பவர்கள் சின்னவர்கள் என்பதால் கள்ளக் காதல், பொறாமைக் கொலை வகையறா எதுவும் வேண்டாம் என்று வரம்பு கட்டிக்கொண்டார். அந்த வரம்போடு சேர்த்துப் பெண்களையும் வெளியே தள்ளிவிட்டார் என்பதுதான் கொடுமை. பெண் வந்தால் காதல் வந்தே தீருமா என்ன? ஒரு அக்கா, ஒரு சித்தி, ஒரு திருடி வரக்கூடாதா? ஒரு பெண்ணையே நடுவில் வைத்து 'சாருலதா' எடுத்த மனுஷன்! உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. சமாதானம் சொல்லி அடக்காதீர்கள்.

கரிசல்காரன்

டீ முடிந்தது. திரும்ப வந்துவிட்டேன்.

கூத்து உதாரணத்தில் தோற்றேன், சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். வில்லனை மறைக்காததால் ஃபெலுடா கொஞ்சம் மங்கிப்போகவில்லையா? நமக்கு முன்னமே தெரிந்ததை அவர் கண்டுபிடிக்கும்போது "ஆமாம், அதான் தெரியுமே" என்றுதான் தோன்றுகிறது. சௌமித்ர சாட்டர்ஜியின் அந்தக் கூர்மையான முகமும் நடையும் இல்லையென்றால் ஃபெலுடா வெறும் உயரமான அண்ணன்.

இன்னொரு புகார் சந்தா கட்டிப் பார்த்த தளத்தின் மேல். பெயர் வேண்டாம். எழுத்துரையைப் போட்டவர் பாதி வசனத்தை விழுங்கிவிட்டார். ஜடாயு மூச்சு விடாமல் பேசுகிறார், கீழே இரண்டே சொல் வருகிறது.

பழைய ரீல்

ஃபெலுடா மங்குகிறார் என்பது நியாயமான புகார், மறுக்கவில்லை. நாவலில் அவர் நம்மைவிட எப்போதும் ஒரு அடி முன்னால். படத்தில் நாம் முன்னால், அவர் பின்னால் வருகிறார். அந்த இடத்தை ரே தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன். விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்தது பயம். சர்க்யூட் ஹவுஸில் போலி ஹாஜ்ராவும் ஃபெலுடாவும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருப்பது புத்தகத்தில் சாதாரணப் பேச்சு. படத்தில் அதே பேச்சைக் கேட்கும்போது நமக்கு வியர்க்கிறது. ஃபெலுடாவின் படுக்கையில் தேள் இருக்கும் இடமும் அப்படித்தான். யார் வேலை என்று நமக்குத் தெரியும்.

அப்புறம் முகுல். குஷல் சக்ரவர்த்தி என்ற அந்தப் பொடியன் தேசிய விருது வாங்கினான். இயக்கம், திரைக்கதை, சௌமேந்து ராயின் வண்ண ஒளிப்பதிவு எல்லாவற்றுக்கும் கிடைத்தது, ஆனால் எனக்குப் பெரியது பையனுடையதுதான். சுலபத்தில் சிரிக்க மாட்டான். செல்லமாகக் கண் உருட்ட மாட்டான். எந்தக் கோட்டையைக் காட்டினாலும் இது இல்லை என்று ஒரே குரலில் சொல்வான். சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய குழந்தைகளை நினைத்துக்கொண்டு இவனைப் பாருங்கள்.

மீட்டர்கேஜ்

முற்பிறவி விஷயத்தில் பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள் தாழம்பூ? என் பையன் கேட்டபோது நான் விட்டகுறை தொட்டகுறை என்று ஏதோ உளறி மாட்டிக்கொண்டேன்.

தாழம்பூ

"எழுதினவர் கண்டிப்பா உண்டுன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்றேன். அறுபதுகளில் ராஜஸ்தான் பல்கலைக்கழகத்திலேயே முற்பிறவி ஞாபகம் பற்றி ஆராய ஒரு துறை இருந்தது என்று படித்ததைச் சொன்னேன். அதற்குச் சின்னவன், தனக்குப் போன பிறவியில் வீட்டுப்பாடம் கிடையாது என்று நன்றாக ஞாபகம் இருப்பதாகச் சொன்னான்.

வங்கத்து மருமகள்

அந்தத் தங்கக் கோட்டையைப் பார்க்க நாங்கள் ஜெய்சல்மேர் போனபோது நடந்தது. கோட்டைக்குள் நுழைந்ததும் கைடு எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நேராக வங்காளத்துக்கே மாறிவிட்டார். இடிந்த ஒரு வீட்டைக் காட்டி "இதுதான் முகுல் வீடு" என்றார். கற்பனைப் பையன், அவனுக்குப் போன பிறவி, அந்தப் பிறவிக்கு ஒரு வீடு, அதற்கு ஒரு கைடு! என் வீட்டுக்காரர் கண் கலங்கி நின்றார். நான் அவரைப் படம் பிடித்தேன்.

ஜெய்சல்மேரை ரே கண்டுகொண்டது இந்தப் படத்துக்கு முன்பே. 1969இல் வந்த 'கூபி காயென் பாகா பாயென்' படத்துக்காக அங்கே போயிருக்கிறார். மஞ்சள் மணற்கல் சாயங்கால வெயிலில் நிஜமாகவே தங்கமாகிவிடுகிறது, நிறம் பூச வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டுக் கோட்டை, உள்ளே இன்றைக்கும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். துணி காய்கிறது, மாடு நிற்கிறது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கசிவு இறங்கி அடித்தளம் பாதிக்கப்படுகிறது என்று அங்கே கடை வைத்திருந்தவர் புலம்பினார். நாங்கள் தங்கியதும் உள்ளேதான், குளித்ததும் அந்தத் தண்ணீரில்தான். அதற்கப்புறம் வாளியைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி.

கரிசல்காரன்

ஒரு யோசனை தாழம்பூ. உங்கள் வீட்டில் இரண்டு பேருமே புத்தகம் கேட்டுவிட்டுப் படம் பார்த்தவர்கள். சாட்சி செல்லாது. கதையே தெரியாத ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். அவர் கொட்டாவி விட்டால் நான் ஜெயித்தேன்.

தாழம்பூ

மூன்று நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். 74 வயது. வங்காளமும் தெரியாது, கதையும் தெரியாது. எழுத்துரை எட்டாது என்பதால் சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். என்னமாய்ச் சொன்னான் என்கிறீர்கள், ஜடாயுவுக்குக் கீச்சுக் குரல், போலி டாக்டருக்கு அடித்தொண்டை.

சர்க்யூட் ஹவுஸ் காட்சி வந்தது. ஃபெலுடா அந்த ஆளோடு சிரித்துப் பேசுகிறார். மாமனார் சாய்வு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "அடேய், அவன்தான்டா! டாக்டரைத் தள்ளிவிட்டவன்டா! புள்ளைய அவன்கிட்ட விட்டுட்டு என்னடா பேச்சு?"

சின்னவன் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "கத்தாதீங்க தாத்தா. அவருக்குக் கேட்காது. நானும் ஞாயித்துக்கிழமை கத்திப் பாத்துட்டேன்."

கரிசல்காரன்

சரி சரி. மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த படம் எப்போது என்று கேட்டாரா?

தாழம்பூ

கேட்டார். ஜடாயு அதிலும் வருகிறாரா என்று கேட்டார். வருகிறார் என்றதும் ஊருக்குப் போகும் டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிவிட்டார்.